மேல் ஷட்ஜத்துக்கு ஓடும் அவசரம்

அன்புள்ள ஐயா,

என் மகளுக்குப் பதினொரு வயது. சிறு வயதிலிருந்தே கர்நாடக இசை கற்கிறாள். தொலைக்காட்சிப் பாட்டுப் போட்டி ஒன்றிலிருந்து அழைப்பு வந்திருக்கிறது. பாட்டு வாத்தியார் கூடவே கூடாது என்கிறார். வீட்டில் மற்ற எல்லோரும் அனுப்பச் சொல்கிறார்கள். எனக்கோ இந்த ஊடக உலகத்தின் மீதே வெறுப்பாக இருக்கிறது. டிசம்பரில் சென்னை சபாக்களுக்குப் போனால் மேடை முழுக்க வங்கி விளம்பரமும் நகைக்கடை விளம்பரமும்தான். தெய்விகமாக இருந்த சங்கீதத்தை வணிகம் கெடுத்துவிட்டது. தொலைக்காட்சியில் சினிமாப் பாட்டுக்கு அரசாவது ஒரு வரம்பு விதிக்கக் கூடாதா?

ரா., மயிலாடுதுறை

அன்புள்ள ரா.,

மகள் விஷயத்தில் நான் வாத்தியார் பக்கம். தொலைக்காட்சி தீட்டு என்று நினைப்பதால் அல்ல. அந்த நிகழ்ச்சிகளில் பாடக் கிடைக்கும் நேரம்தான் சிக்கல். இரண்டு மூன்று நிமிடங்களுக்குள் நடுவர்கள் எழுந்து நின்று கைதட்டியாக வேண்டும். ஆகவே பிள்ளைகள் வாயைத் திறந்தவுடன் மேல் ஷட்ஜத்துக்கு, அதாவது உச்சியில் வரும் ‘ஸ’வுக்கு, ஓடுகிறார்கள்.

பாட்டு வரிகளின்றி ராகத்தை மட்டும் விரித்துப் பாடும் ஆலாபனையின் இயல்பு இதற்கு நேர் எதிரானது. நல்ல தோடி ராகமோ காம்போதி ராகமோ ஓரிரு ஸ்வரங்களைச் சுற்றித் தயங்கித் தயங்கித்தான் தொடங்கும். கீழே இறங்கும், திரும்பும், கொஞ்சம் ஏறும், மறுபடி பின்வாங்கும். கடைசியில் அந்த மேல் ஷட்ஜத்தில் வந்து நிற்கும்போது, அங்கே வந்து சேர்ந்த வழி முழுவதும் கேட்பவரின் நினைவில் இருக்கிறது. அந்த ஒற்றை ஸ்வரத்துக்கு எடை தருவது அந்த நினைவுதான். வழியை வெட்டிவிட்டு ஸ்வரத்தை மட்டும் கொடுத்தால் மிஞ்சுவது தொண்டை வலிமை. கைப்பேசியில் சுற்றும் அரை நிமிடத் துணுக்குகளைப் பாருங்கள்: அங்கேயே கற்பனை செய்து வேகமாகப் பாடும் கல்பனை ஸ்வரம், அதை முடித்துவைக்கும் தாளக் கணக்கான கோர்வை முடியும் இடம், ஆரவாரம். விளம்ப காலத்தில், அதாவது மிக மெதுவாக, பாடும் பதம் என்ற வகைப் பாட்டு ஒன்றை அப்படி எந்த இடத்தில் வெட்டுவீர்கள்? எதற்குக் கைதட்டல் விழுகிறது என்பதைப் பதினொரு வயதிலேயே தெரிந்துகொண்ட குழந்தையைப் பிறகு மந்திர ஸ்தாயியில், அதாவது கீழ் ஸ்வரங்களில், உட்கார வைப்பது பெரும்பாடு. குரலும் மனமும் கொஞ்சம் முதிர்ந்தபின் அனுப்புங்கள். எப்போது என்பதை வாத்தியார் சொல்லட்டும்.

ஆனால் வணிகம் வந்து கெடுத்துவிட்டது என்பதை நான் ஏற்கமாட்டேன். அரண்மனையும் ஜமீனும் மடமும் கொடுத்ததும் சன்மானம்தானே? 1902இல் கல்கத்தாவில் கௌஹர் ஜான் கிராமபோன் கம்பெனிக்காகப் பாடினார். ஒரு தட்டுக்கு மூன்று நிமிடச் சொச்சம். பாட்டு முடிந்ததும் தன் பெயரைத் தானே ஆங்கிலத்தில் உரக்கச் சொல்வார். தட்டு அச்சானது ஜெர்மனியில். அங்கிருப்பவர்களுக்கு யார் பாடியது என்று தெரிய வேண்டுமே! பேசும் படம் வந்தபோது கச்சேரிப் பாடகர்களான ஜி.என்.பி., முசிரி, தண்டபாணி தேசிகர், எம்.எஸ். எல்லோரும் நடிக்கப் போனார்கள். 1935இல் வந்த படம் ஒன்றுக்கு கே.பி. சுந்தராம்பாள் ஒரு லட்சம் ரூபாய் வாங்கினார். பாபநாசம் சிவன் ஒரு கையால் கச்சேரிக்கான கிருதியும் மறு கையால் சினிமாப் பாட்டும் எழுதினார். இவர்களில் யார் கெட்டுப்போனார்கள்?

இன்று நாம் மரபு என்று வணங்கும் கச்சேரி அமைப்பே சபாக்களின் காலத்தில் உறுதிப்பட்டதுதான். வர்ணத்தில் தொடங்கி, விறுவிறுப்பாகச் சில கிருதிகள், நடுவே ஒரு பெரிய உருப்படி, கடைசியில் துக்கடாக்கள் எனும் சிறு பாட்டுகள் என்ற அந்த வரிசையை நிலைநிறுத்தியவர் என்று அரியக்குடி ராமானுஜ ஐயங்காரைச் சொல்வார்கள். பலதரப்பட்ட ரசனையோடு கூடத்தில் வந்து உட்கார்ந்தவர்களை இரண்டரை மூன்று மணி நேரம் கட்டிப்போட அவர் கண்ட வழி அது. வங்கி விளம்பரம் என் கண்ணையும் உறுத்தத்தான் செய்கிறது. ஆனால் பிற்பகல் இலவசக் கச்சேரிக்குப் போய் உட்கார்ந்து, மிருதங்கக்காரர் வாசிக்கும் தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் கேன்டீனுக்கு எழுந்து போகிற நமக்கு அதைக் குறைசொல்ல என்ன உரிமை இருக்கிறது?

பெரிய இழப்பு என்று நான் நினைப்பது உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே நடந்திருக்கிறது. திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் நாகஸ்வரத்தைத்தான் சொல்கிறேன். புறப்பாட்டுக்கு வாசிக்கும் மல்லாரியோடு சுவாமி ஊர்வலம் கிளம்பினால், வீதிகளைச் சுற்றி வந்து சேரும்வரை ராகம் விரியலாம். ஊர்வலம் எவ்வளவு மெதுவாக நகர்கிறதோ அவ்வளவுக்கு ஆலாபனை நீளும். கடிகாரத்துக்கு அங்கே வேலையில்லை. தெருவில் நின்று கேட்க டிக்கெட்டும் தேவையில்லை. சபாவின் வாசலைக்கூட மிதிக்காதவர்கள் நள்ளிரவில் நின்று தோடி கேட்டார்கள். அந்தத் தோடி இசைத்தட்டிலும் வந்து பெரும்புகழ் பெற்றது. ஆனால் தட்டும் வானொலியும் சபாவும் சங்கீதத்தைக் கூரைக்குக் கீழே கொண்டுபோனபோது, சன்னக் குரலுக்கும் வயலினுக்கும் மைக் கைகொடுத்தது. திறந்த வெளிக்கென்றே உருவான நாகஸ்வரம் ஓரத்துக்குப் போனது. சபாக்களில் இன்று அது பெரும்பாலும் தொடக்க விழாவின் மங்கல இசை. கல்யாண மண்டபத்தில் ஒருவர் உருகி உருகிக் கரகரப்பிரியா வாசிக்கும்போது நாம் பந்தியில் இடம் பிடிக்க ஓடுகிறோம். இதற்கு ஊடகத்தை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. வாசித்தவர்கள் எந்தச் சாதி, சபாக்களை நடத்தியவர்கள் எந்தச் சாதி என்பதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். எல்லாம் தெய்விகமாக இருந்த காலம் ஒன்றைப் பற்றிப் பேசும்போது இது நமக்கு வசதியாக மறந்துவிடுகிறது.

அரசு வரம்பு விதிக்க வேண்டும் என்கிறீர்கள். அதை ஒருமுறை செய்து பார்த்தாயிற்று. 1952இல் ஒலிபரப்புத் துறை அமைச்சரான பி.வி. கேஸ்கர் அகில இந்திய வானொலியிலிருந்து சினிமாப் பாட்டை வெளியேற்றினார். ஜனங்கள் முள்ளைத் திருகி இலங்கை வானொலிக்குப் போய்விட்டார்கள். 1957இல் அரசே விவித் பாரதியைத் தொடங்கி சினிமாப் பாட்டை மறுபடி அழைத்துக்கொண்டது.

அதே வானொலி உருப்படியாகச் செய்த வேலை வேறு. வித்வான்களை நிலையக் கலைஞர்களாக அமர்த்திச் சம்பளம் கொடுத்தது. டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர் காதிலும் முகாரி விழும்படி செய்தது. அது பதிந்த கச்சேரிகளில் சில மட்டும் குறுந்தகடுகளாக வெளிவந்தன. இன்னொரு பக்கம், சபாவில் டேப் ரெக்கார்டரோடு போய் உட்கார்ந்த பழைய ரசிகர்கள் பதிந்துவைத்த முழுக் கச்சேரிகள், இரைச்சலும் இருமலுமாக, நீங்கள் வெறுக்கும் அதே இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. சிற்றூரில் இருக்கும் மாணவன் ஒருவன் இன்று ஒரே ராகத்தைப் பத்து மேதைகளிடம் அடுத்தடுத்துக் கேட்கலாம். எந்த ராஜாவுக்கும் கிடைக்காத வசதி இது.

ஆகவே அரசிடம் கேட்பதாக இருந்தால் இதைக் கேட்போம்: வானொலி நிலையங்களின் ஒலிநாடாக்கள் அத்தனையையும், ராகமும் தேதியும் பக்கவாத்தியக்காரர்களின் பெயரும் குறித்து, ஒரு நிமிடம்கூட வெட்டாமல், யாரும் காசின்றிக் கேட்கும்படி இணையத்தில் ஏற்ற வேண்டும். நாகஸ்வரப் பதிவுகளை முதலில் ஏற்றட்டும். மனுவை எழுதி அனுப்புங்கள், நானும் கையெழுத்துப் போடுகிறேன்.