பிஸ்குபின்: ஏரி நீர் காத்துவைத்த போலந்துச் சிற்றூர்

போலந்தின் பெருநகரங்களை விட்டுவிட்டு, நில அமைப்பும் வரலாறும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும் சிற்றூர் ஒன்றைச் சொல்லுங்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். போஸ்னான் நகரில் படித்த காலத்தில் நான் சென்று பார்த்த ஊர்களுள் இந்தக் கேள்விக்கு மிகவும் பொருந்துவது பிஸ்குபின். சில நூறு பேர் மட்டுமே வாழும் இவ்வூரின் வரலாற்றில் ஏறக்குறைய எல்லாத் திருப்பங்களையும் தீர்மானித்தது அங்குள்ள ஏரியின் நீர்மட்டம்தான் என்பது என் எண்ணம்.

போஸ்னானுக்கு வடகிழக்கே, ஜ்னின் என்னும் சிறுநகரை அடுத்து, பாவுக்கி எனப்படும் வட்டாரத்தில் பிஸ்குபின் இருக்கிறது. கடைசிப் பனியூழியின்போது வடக்கிலிருந்து இறங்கிவந்த பனிப்படலம் பின்வாங்கிய வேளையில் நிலத்தை அரித்து விட்டுச்சென்ற நீண்ட பள்ளங்களில்தான் இன்றைய ஏரிகள் வரிசையாகத் தேங்கி நிற்கின்றன. கொன்சாவ்கா என்னும் சிற்றாறு அவற்றை ஒவ்வொன்றாகக் கோத்துக்கொண்டு வடக்கு நோக்கிச் செல்கிறது. அவ்வரிசையில் ஒன்றான பிஸ்குபின் ஏரிக்குள் தாழ்வான தீபகற்பம் ஒன்று நீண்டிருக்கிறது. சுற்றிலும் மலையோ பாறையோ இல்லை. கண்ணுக்கெட்டிய வரை வயல்கள்தாம்.

1933இல் அந்தத் தீபகற்பத்தில் நீருக்கு மேல் வரிசை வரிசையாக மரக்கட்டைகள் தலைகாட்டுவதை உள்ளூர்ப் பள்ளி ஆசிரியரான வாலென்டி ஷ்வைட்சர் கவனித்தார். ஆற்றைச் சீரமைத்ததால் ஏரியின் நீர்மட்டம் இறங்கியிருந்தது. எரிபொருளுக்காகக் கரையோரத்து மக்கிய தாவர மண்ணை வெட்டியெடுத்த உழவர்களும் அக்கட்டைகளைப் பார்த்திருந்தார்கள். ஷ்வைட்சர் தெரிவித்த செய்தி போஸ்னான் பல்கலைக்கழகப் பேராசிரியர் யூசெஃப் கோஸ்ட்ஷெவ்ஸ்கியை எட்ட, 1934இல் அகழாய்வு தொடங்கியது.

வெளிவந்தது ஒரு முழு ஊர். ஏறக்குறைய இரண்டு ஹெக்டேர் பரப்பில், நூற்றுக்குச் சற்று மேற்பட்ட மர வீடுகள் 13 வரிசைகளில் நெருக்கமாக நின்றிருந்தன. வரிசைகளுக்கு இடையே, கட்டைகளைப் பக்கம் பக்கமாக அடுக்கிப் பாவிய நேரான தெருக்கள் ஓடின. மதிலின் உட்புறத்தை ஒட்டி ஊரைச் சுற்றிவரும் தெரு ஒன்றும் இருந்தது. மரப்பெட்டிகளைப் போல அடுக்கிய கட்டைகளுக்குள் மண்ணை நிரப்பி மதில் எழுப்பியிருந்தார்கள். அலைகள் அதை அரித்துவிடாதபடி, ஆயிரக்கணக்கான கூர்மரங்களைச் சாய்வாக அறைந்து அதற்கு வெளியே அலைத்தடுப்பு ஒன்றையும் அமைத்திருந்தார்கள். ஒரே வாயில், அங்கிருந்து கரைக்கு நீண்ட மரப்பாலம். வீடுகள் ஒவ்வொன்றிலும் ஒரு முன்னறை, கல் அடுப்புடன் கூடிய பேரறை என்று அமைப்பு மாறவே இல்லை. தலைவனுடையது என்று சுட்டத்தக்க பெரிய வீடு கிடைக்காததால், இது ஏற்றத்தாழ்வு குறைந்த சமூகம் என்று சிலர் முடிவுகட்டினார்கள். வீட்டின் அளவை மட்டும் வைத்து அவ்வளவு தூரம் செல்லலாமா என்ற ஐயம் எனக்கு உண்டு. மக்கள்தொகை 800 முதல் 1,000 வரை இருந்திருக்கலாம் என்று மதிப்பிடுகிறார்கள்.

மரம் இத்தனை காலம் மட்காமல் இருந்ததற்குக் காரணம், நீரில் ஊறிய அந்த மண்ணுக்குள் காற்று புகாமல் இருந்ததுதான். அதனால் மர வளையங்களைக் கொண்டு காலத்தைக் கணிக்கவும் முடிந்தது. கருவாலி மரங்கள் கி.மு. 747 முதல் 722 வரையிலான ஆண்டுகளில் வெட்டப்பட்டவை. அவற்றுள் பாதிக்கு மேற்பட்டவை கி.மு. 738–737 குளிர்காலத்தில் மட்டும் வெட்டப்பட்டவை. பின்னர் நீர்மட்டம் உயர்ந்தமையாலும், சுற்றியிருந்த காடும் விளைநிலமும் அத்தனை பேருக்கு ஈடுகொடுக்க இயலாமையாலும் மக்கள் ஊரைவிட்டு வெளியேறியிருக்க வேண்டும் என்பது பலரும் ஏற்கும் விளக்கம். கிழக்குப் புல்வெளிகளின் குதிரைவீரக் குடிகளான சித்தியர்களின் படையெடுப்பைக் காரணமாகக் கூறுவோரும் உண்டு.

இக்குடியிருப்பு, வெண்கலக் காலத்தின் பிற்பகுதியிலும் இரும்புக் காலத் தொடக்கத்திலும் நடு ஐரோப்பாவில் பரவியிருந்த லூசேஷியப் பண்பாட்டைச் சேர்ந்தது. அம்மக்கள் யார் என்ற கேள்வி இரு நாடுகளின் அரசியலாக மாறியதுதான் இவ்வூரின் 20ஆம் நூற்றாண்டு வரலாறு. ஜெர்மானியக் குடிகளின் தொன்மையைத் தொல்பொருள்களால் நிறுவ முயன்ற கோசின்னா என்ற அறிஞரிடம் பெர்லினில் பயின்றவர் கோஸ்ட்ஷெவ்ஸ்கி. ஆசிரியரின் முறையையே எடுத்துக்கொண்டு, நேர் எதிராக அம்மக்கள் போலந்தினர் உள்ளிட்ட ஸ்லாவிய இனத்தாரின் மூதாதையர் என்று வாதிட்டார். ஜெர்மானிய அரசான பிரஷ்யாவின் ஆட்சியிலிருந்து மீண்டு இருபது ஆண்டுகூட ஆகாத அந்த மண்ணில், எல்லைப் பூசல் நடந்துகொண்டிருந்த வேளையில், அவ்வாதம் பெரும் வரவேற்பைப் பெற்றதில் வியப்பில்லை. 1939இல் நாஜிப் படை வந்ததும் காட்சி தலைகீழானது. ஊரின் பெயர் உர்ஷ்டெட் என்று மாற்றப்பட்டது. நாஜிக் கட்சியின் துணைப்படையான எஸ்எஸ் அமைப்பின் ஆய்வுப்பிரிவு ஹான்ஸ் ஷ்லைஃப் தலைமையில் 1940 முதல் 1942 வரை தோண்டியது. கோஸ்ட்ஷெவ்ஸ்கி வேறு பெயரில் தலைமறைவாக வாழ்ந்தார். ஜெர்மானியர் பின்வாங்குகையில் அகழாய்வுக் களத்தை நீரில் மூழ்கடித்தார்கள் என்றும், அழிப்பதற்காகச் செய்த அச்செயலே மரங்களைக் காப்பாற்றியது என்றும் சொல்கிறார்கள். போருக்குப் பின் போலந்து ஆய்வாளர்கள் 1974 வரை பணியைத் தொடர்ந்தனர். அம்மக்கள் எழுத்து எதையும் விட்டுச்செல்லாததால் அவர்கள் பேசிய மொழியை உறுதிசெய்ய வழியில்லை; இரு தரப்பு உரிமைக்கோரலையும் இன்றைய ஆய்வாளர்கள் ஏற்பதில்லை.

இடைக்காலத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். போலந்தின் முதல் தலைநகரமான க்னியெஸ்னோ தெற்கே அருகில்தான் இருக்கிறது. ஜ்னின் வட்டாரம் நெடுங்காலம் அந்நகரப் பேராயர்களின் உடைமையாக இருந்தது. பக்கத்து ஊரான கொன்சாவாவில் 1227இல் பிரபுக்கள் கூடியபோது தாக்கப்பட்ட லெஷெக் கோமகன், தப்பியோடும் வழியில் கொல்லப்பட்டார். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில், பிரஷ்ய ஆட்சிக்காலத்தில், சர்க்கரை பீட்ரூட்டை ஆலைக்குக் கொண்டுசெல்ல 600 மில்லிமீட்டர் அகலக் குறுகிய இருப்புப்பாதை போடப்பட்டது.

செல்ல விரும்பினால் கோடையில் செல்லுங்கள். அதே குறுகிய பாதையில் ஜ்னினிலிருந்து சுற்றுலாத் தொடர்வண்டி ஓடும். இடையில் வெனெட்சியா என்ற ஊரில் பழைய நீராவி எந்திரங்களின் காட்சியகமும் கோட்டையின் இடிபாடுகளும் உள்ளன. பிஸ்குபினில் நீங்கள் காணும் வாயிலும் மதிலும் வீட்டு வரிசைகளும் மீளக் கட்டப்பட்டவை என்பதை முன்கூட்டியே அறிந்து செல்வது நல்லது. அசல் மரங்களுள் பெரும்பகுதியை ஈர மண்ணுக்கு அடியிலேயே விட்டுவைத்திருக்கிறார்கள். 1995 முதல் செப்டம்பர்தோறும் தொல்லியல் விழா நடைபெறுகிறது. மண்பாண்டம் வனைதல், வெண்கலம் வார்த்தல் போன்றவற்றை அப்போது நேரில் செய்து காட்டுவார்கள்; ஆனால் கூட்டம் மிகுதி, தெருக்களின் அமைப்பை நிதானமாகப் பார்க்க விரும்புவோருக்கு ஜூன் மாதமே ஏற்றது.