வாசகர் கேள்வி: மார்கழியில் உறையும் எண்ணெய்

கேள்வி (பாளையங்கோட்டை வாசகி): மார்கழி விடியற்காலையில் எங்கள் வீட்டுத் தேங்காய் எண்ணெய் வெள்ளையாக உறைந்துவிடுகிறது. அதே அலமாரியில் இருக்கும் நல்லெண்ணெய் உறைவதில்லை. இரண்டும் எண்ணெய்தானே, இந்த வேறுபாடு ஏன்?

பதில்: எண்ணெய் உறைவதும் உருகுவதும் மூலக்கூறுகளுக்கு இடையே நடப்பவை. மூலக்கூறுக்கு உள்ளே கார்பனையும் ஹைட்ரஜனையும் கட்டிவைத்திருக்கும் சகப்பிணைப்பு இரண்டிலும் அப்படியே இருக்கிறது. உருகும்போது பிணைப்பு அறுகிறது என்று தேர்வுத்தாளில் எழுதும் பிள்ளைகள் பலர் உண்டு. அந்தத் தவறு முதலிலேயே திருத்தப்பட வேண்டும் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். உருகும்போது தளர்வது, பக்கத்துப் பக்கத்து மூலக்கூறுகள் ஒன்றையொன்று இழுக்கும் மெல்லிய வாண்டர்வால்ஸ் விசை மட்டுமே.

எண்ணெயின் ஒவ்வொரு மூலக்கூறிலும் கிளிசராலுடன் மூன்று கொழுப்பு அமிலச் சங்கிலிகள் சேர்ந்திருக்கின்றன. தேங்காய் எண்ணெயில் ஏறத்தாழப் பாதி, 12 கார்பன் கொண்ட லாரிக் அமிலம். அதன் சங்கிலியில் இரட்டைப் பிணைப்பு (இரு கார்பன்களுக்கு இடையே ஒன்றுக்குப் பதிலாக இரண்டு பிணைப்பு) இல்லாததால் அது நேராக நீண்டு, வைக்கோல் கட்டில் தாள்கள் அடங்குவதுபோல மற்றவற்றோடு நெருங்கிப் படுத்துக்கொள்கிறது. நெருங்கத் தொடும் பரப்பு கூடக்கூட இழுவிசையும் கூடுகிறது. நல்லெண்ணெயில் மிகுதியாக உள்ள ஒலியிக், லினோலியிக் அமிலங்களின் சங்கிலியிலோ இரட்டைப் பிணைப்பு உள்ள இடத்தில் ஒரு வளைவு விழுந்துவிடுகிறது. கோணல் சுள்ளிகளைக் கட்டாகக் கட்ட முயன்றவர்களுக்கு அவை எவ்வளவு இடைவெளி விட்டு நிற்கும் என்பது தெரியும்.

வடிவத்தின் செல்வாக்கை எண்களிலேயே காணலாம். 18 கார்பன் கொண்ட, நேரான ஸ்டியரிக் அமிலம் 69 டிகிரி செல்சியஸை ஒட்டி உருகுகிறது. அதே 18 கார்பனோடு ஒரே ஒரு வளைவு கொண்ட ஒலியிக் அமிலம் 13 டிகிரியிலேயே உருகிவிடுகிறது. இதைவிட வியப்பு, ஒலியிக் அமிலத்தின் அதே அணுக்களைக் கொண்டு, இரட்டைப் பிணைப்பிலிருந்து நீளும் இரு சங்கிலித் துண்டுகளும் எதிரெதிர்ப் பக்கம் அமைந்துவிட்டால் சங்கிலி ஏறக்குறைய நேராகி, உருகுநிலை 45 டிகிரிக்கு ஏறிவிடுகிறது. அணுக்களின் எண்ணிக்கையில் ஒன்றும் மாறவில்லை. அவை நிற்கும் கோலம் மட்டுமே மாறியது.

தேங்காய் எண்ணெயின் சங்கிலிகள் நேராக இருந்தாலும் குட்டையானவை, அவற்றின் நீளமும் ஒன்றுபோல் இல்லை. ஆகவேதான் அது கல்லாக இறுகாமல், 24 டிகிரியை ஒட்டிய வெப்பநிலையிலேயே இளகி, வெயிலில் சிறிது நேரம் வைத்ததும் பழையபடி எண்ணெயாகிறது.

கேள்வி (அம்பாசமுத்திரம், பிளஸ் டூ மாணவர்): ஹைட்ரஜன் சல்பைடின் மூலக்கூறு எடை 34, நீருடையது 18. எடை கூடியது வாயுவாகவும், எடை குறைந்தது தாமிரபரணியில் திரவமாகவும் ஓடுவது எப்படி?

பதில்: நல்ல கேள்வி. நீர் மூலக்கூறை நேர்க்கோடாகப் படம் போடும் பழக்கம் இருந்தால் முதலில் அதை விட்டுவிடுங்கள். ஆக்ஸிஜனைச் சுற்றி நான்கு எலக்ட்ரான் இணைகள் உள்ளன. இரண்டு ஹைட்ரஜனோடு பிணைந்தவை, இரண்டு தனித்தவை. இணைகள் ஒன்றையொன்று விலக்கி இயன்றவரை தள்ளி நிற்பதால், ஹைட்ரஜன்களுக்கு இடைப்பட்ட கோணம் 104.5 பாகையாக அமைகிறது. ஆக்ஸிஜன் எலக்ட்ரான்களைத் தன் பக்கம் வலுவாக இழுத்துக்கொள்ள, வளைந்த மூலக்கூறின் ஒரு புறம் சற்றே எதிர்மின்னும் மறுபுறம் சற்றே நேர்மின்னும் பெறுகின்றன. கார்பன் டை ஆக்சைடிலும் இத்தகைய இழுப்பு உண்டு. ஆனால் அது நேர்க்கோடாக இருப்பதால் இரு பக்க இழுப்பும் ஒன்றையொன்று சமன்செய்துவிடுகின்றன.

ஒரு மூலக்கூறின் நேர்மின் ஹைட்ரஜனும் பக்கத்து மூலக்கூறின் எதிர்மின் ஆக்ஸிஜனும் இழுத்துக்கொள்வதே ஹைட்ரஜன் பிணைப்பு. ஒரு நீர் மூலக்கூறு சுற்றியுள்ள நான்கு மூலக்கூறுகள் வரை அதனால் பற்றிக்கொள்ள முடியும். ஒரு மோலுக்கு 460 கிலோஜூல் அளவுள்ள ஆக்ஸிஜன்–ஹைட்ரஜன் சகப்பிணைப்புக்கு முன்னால், ஏறத்தாழ 20 கிலோஜூல் மட்டுமே உள்ள இந்தப் பிடி மிகச் சிறியது. ஆனாலும் எல்லா மூலக்கூறுகளையும் அது பிடித்திருப்பதால், நீர் 100 டிகிரி வரை கொதிப்பதில்லை. கந்தகத்துக்கு எலக்ட்ரானை இழுக்கும் திறன் குறைவு, உருவமும் பெரியது. எனவே ஹைட்ரஜன் சல்பைடில் இந்தப் பிடி மிகவும் தளர்ந்து, அது மைனஸ் 60 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது.

கேள்வி (திசையன்விளை வாசகர்): சீனியை வெறும் சட்டியில் சூடாக்கினால் உருகிப் பழுப்பாகிறது. தூத்துக்குடிக் கல்லுப்பு உருகாமல் படபடவென வெடிப்பது ஏன்?

பதில்: சீனியில் தனித்தனி மூலக்கூறுகள், ஹைட்ரஜன் பிணைப்பால் சேர்ந்திருக்கின்றன, அடுப்பின் சூடு அவற்றைப் பிரிக்கப் போதும். உப்பில் தனி மூலக்கூறு என்பதே கிடையாது. ஒவ்வொரு சோடியம் அயனியை (மின்னேற்றம் பெற்ற அணுவை) சுற்றியும் ஆறு குளோரைடு அயனிகள், ஒவ்வொரு குளோரைடைச் சுற்றியும் ஆறு சோடியம் என, பரல் முழுவதும் ஒரே அயனிக் கட்டாக இருப்பதால் அது உருக 801 டிகிரி வேண்டும். வெடிப்பது உப்பு அல்ல. பாத்தியில் படிகமாகும்போது பரலுக்குள் சிறைப்பட்ட உப்புநீர்த் துளிதான் ஆவியாகிப் பரலைப் பிளக்கிறது.