கேள்வி – பதில்: லினக்ஸுக்குள் ஒரு விண்டோஸ்

கே: லினக்ஸ் மின்ட் ஓடும் லேப்டாப், 8 ஜிபி ராம். கடைக் கணக்கு டாலியில் இருப்பதால் விண்டோஸ் 11-ஐ விர்ச்சுவல் மெஷினாக (கம்ப்யூட்டருக்குள் ஓடும் இன்னொரு கம்ப்யூட்டராக) வைத்துக்கொள்ள வேண்டும். விர்ச்சுவல்பாக்ஸ், விஎம்வேர், கேவிஎம் – எதைப் போடலாம்?

ப: கேவிஎம். விர்ச்சுவல் மெஷின்களை ஓட்டும் இந்த வசதி 2007 முதல் லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலிலேயே இருப்பது. கெர்னல் அப்டேட்டோடு அதுவும் வந்துவிடும். மற்ற இரண்டும் தங்கள் மாட்யூலை (கெர்னலோடு சேரும் துண்டு நிரலை) வெளியிலிருந்து கொண்டுவருகின்றன. கெர்னல் மாறும்போதெல்லாம் அதைத் திரும்ப பில்ட் செய்தாக வேண்டும். ஜிஎஸ்டி ரிட்டர்னுக்குக் கடைசி நாளன்று அது காலை வாரினால் என்ன செய்வீர்கள்? விஎம்வேர் ஒர்க்ஸ்டேஷன் 2024 நவம்பரிலிருந்து வணிகப் பயன்பாட்டுக்கும் இலவசம்தான். மாட்யூல் தொல்லை மட்டும் அப்படியே இருக்கிறது. வேறு கம்ப்யூட்டரில் உருவாக்கிய விர்ச்சுவல்பாக்ஸ் மெஷினை அப்படியே ஓட்ட வேண்டுமென்றால் விர்ச்சுவல்பாக்ஸே சுலபம். ஆனால் கூடுதல் வசதிகள் தரும் அதன் எக்ஸ்டென்ஷன் பேக் சொந்த உபயோகத்துக்கும் படிப்புக்கும்தான் இலவசம், கடைக்கு அல்ல.

லேப்டாப்பின் பயாஸ் செட்டிங்கில், விர்ச்சுவல் மெஷினுக்கு உதவும் சிப் வசதி (இன்டெல் சிப் என்றால் விடி-எக்ஸ், ஏஎம்டி சிப் என்றால் எஸ்விஎம்) ஆன் ஆகியிருக்கட்டும். கேவிஎம் மெஷின்களை உருவாக்கி நடத்தும் விர்ட்-மேனேஜரையும், விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் என்ற பாதுகாப்புச் சிப்பைப் போல நடிக்கும் எஸ்டபிள்யூடிபிஎம்மையும் நிறுவுங்கள். உங்கள் யூசரை, மெஷின்களை இயக்க அனுமதி தரும் லிப்விர்ட் குரூப்பில் சேர்த்து, ஒருமுறை லாக்-அவுட் செய்து உள்ளே வாருங்கள். மெஷினுக்கு 4 ஜிபி ராம், 2 கோர், 64 ஜிபி டிஸ்க் கொடுங்கள். அந்த டிஸ்க்காக இருக்கும் க்யூகவ்2 ஃபைல் நிரம்ப நிரம்பத்தான் வளரும். 64-ஐப் பார்த்துப் பயப்பட வேண்டாம். ராம்தான் இடிக்கும். லினக்ஸ் பக்கம் பிரவுசரில் டேப்களைக் குவித்தால் இரண்டுமே திணறும். முடிந்தால் இன்னொரு 8 ஜிபி போட்டுவிடுங்கள்.

கே: விர்ட்-மேனேஜரில் டிஸ்க்கை விர்ட்ஐஓ (விர்ச்சுவல் மெஷினுக்கென்றே உள்ள வேகமான இணைப்பு வகை) என்று மாற்றினேன். விண்டோஸ் செட்டப்பில் டிஸ்க்கே காட்டவில்லை. ஏன்?

ப: விண்டோஸ் செட்டப்பில் விர்ட்ஐஓ டிரைவர் கிடையாது. சாதாரண டிஸ்க் இணைப்பான சாட்டாவில் விட்டிருந்தால் தெரிந்திருக்கும், வேகம்தான் குறையும். விர்ட்ஐஓ டிரைவர்கள் உள்ள ஐஎஸ்ஓ ஃபைலை (சிடியின் நகல்) இறக்கி இரண்டாவது சிடி டிரைவாகச் சேருங்கள். செட்டப்பில் 'லோட் டிரைவர்' கொடுத்து, வயோஸ்டார் ஃபோல்டரில் விண்டோஸ் 11-க்கான டிரைவரைத் தேர்ந்தெடுத்தால் டிஸ்க் வந்துவிடும். நெட்வொர்க் கார்டையும் விர்ட்ஐஓ ஆக்கியிருந்தால் நெட்கேவிஎம் டிரைவரையும் அப்போதே ஏற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் அடுத்து இன்டர்நெட் கேட்கும் இடத்தில் நின்றுவிடும்.

கே: விர்ச்சுவல்பாக்ஸ் போட்டேன். செக்யூர் பூட் (நம்பகமான கையெழுத்தில்லாத நிரலைத் தடுக்கும் வசதி) ஆனில் இருக்கிறது. மாட்யூல் ஏறவில்லை என்கிறது.

ப: மாட்யூலின் கையெழுத்துச் சாவியைப் பதிவதற்காக, நிறுவும்போது பாஸ்வேர்ட் ஒன்று கேட்டிருக்கும். ரீஸ்டார்ட் ஆனதும் வரும் நீலத் திரையில் 10 நொடிக்குள் ஏதாவது ஒரு கீயைத் தட்டி, 'என்ரோல் மோக்' (சாவியைப் பதி) தேர்ந்தெடுத்து, அந்த பாஸ்வேர்டைக் கொடுக்க வேண்டும். சும்மா இருந்தால் திரை தானாகப் போய்விடும். சாவி பதிவாகாது, மாட்யூலை கெர்னல் ஏற்காது. சாவியைப் பதியும் வேலையை மறுபடி செய்து, இந்த முறை திரையை விட்டுக் கண்ணெடுக்காமல் இருங்கள்.