இங்கிலாந்தில் பழைய கேஸ் பாய்லரை அரசு மானியத்தில் மாற்றியிருக்கிறீர்களா? அனுபவம் எப்படி இருந்தது?

மாற்றினோம், 2024 ஜூலையில். கேஸில் தண்ணீரைச் சுடவைத்து, அறைகளைச் சூடாக்கும் ரேடியேட்டர்களுக்கும் குழாய்க்கும் அனுப்பும் சாதனம்தான் பாய்லர். முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ‘பாய்லர் அப்கிரேட் ஸ்கீம்’ என்ற பெயரைப் பார்த்துவிட்டுப் புது கேஸ் பாய்லர் தருவார்கள் என்று நினைக்காதீர்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். கேஸை விட்டுவிட்டு ஹீட் பம்புக்கு, அதாவது வெளியிலிருக்கும் வெப்பத்தை மின்சாரத்தின் உதவியால் வீட்டுக்குள் கொண்டுவரும் சாதனத்துக்கு, மாறுகிறவர்களுக்கான மானியம் அது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2022 மே மாதம் தொடங்கியபோது காற்றிலிருந்து வெப்பம் எடுக்கும் பம்புக்கு 5,000 பவுண்டு கொடுத்தார்கள். 2023 அக்டோபரில் அது 7,500 ஆனது. ஸ்காட்லாந்துக்குத் தனித் திட்டம் இருக்கிறது.

எங்களுடையது மூன்று படுக்கையறை கொண்ட, ஒரு பக்கச் சுவர் ஒட்டிய வீடு. வாங்கும்போதே அதில் 2002-இல் மாட்டிய பாய்லர் இருந்தது. புகையோடு போகும் வெப்பத்தையும் பிடித்துக்கொள்ளும் கண்டென்சிங் பாய்லர்தான் வைக்க வேண்டும் என்ற விதி 2005-இல்தான் வந்தது. எங்களுடையது அதற்கு முந்தைய ரகம். எரிகிற கேஸில் கணிசமான பங்கு புகைக்குழாய் வழியாக வெளியே போய்க்கொண்டிருந்தது.

2024 ஜனவரியில் அது நின்றுபோனது. ஊரிலிருந்து அம்மா வந்திருந்த நேரம். மூன்று நாள் எல்லோரும் ஒரே அறையில், ஒரு சின்ன மின்சார ஹீட்டரைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். அம்மாவுக்கு மூட்டுவலி வேறு. வந்து பார்த்த பொறியாளர் (கேஸ் வேலை செய்ய அனுமதி தரும் ‘கேஸ் சேஃப்’ பதிவேட்டில் இருப்பவர்) எங்கிருந்தோ பழைய பாகம் ஒன்றைத் தேடிக் கொண்டுவந்து ஓடவைத்தார். அடுத்த முறை நின்றால் பாகம் கிடைக்காது என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

அந்த மூன்று நாளில் பாய்லர் முழுதாகச் செத்திருந்தால் நான் மறுபேச்சில்லாமல் இன்னொரு கேஸ் பாய்லரைத்தான் மாட்டியிருப்பேன். அதற்கு ஒரு நாள் போதும். ஹீட் பம்புக்கு எங்களுக்கு நான்கு மாதம் பிடித்தது. அதனால்தான் பாய்லர் ஓடிக்கொண்டிருக்கும்போதே தொடங்குங்கள் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

விண்ணப்பத்தில் நமக்கு அதிக வேலை இல்லை. எம்சிஎஸ் என்ற தரச் சான்று பெற்ற, பம்பைப் பொருத்தும் நிறுவனம்தான் எரிசக்தி ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்ஜெமிடம் விண்ணப்பிக்கும். ஆஃப்ஜெம் நம்மிடம் சம்மதம் கேட்கும், ‘ஆம்’ என்று உறுதிசெய்ய வேண்டும். பணம் நம் கைக்கு வராது, பில்லில் கழித்துவிடுவார்கள். எங்களுக்கு மொத்தம் 13,400 ஆனது, கையிலிருந்து போனது 5,900. வீடு எவ்வளவு சிக்கனமாக எரிசக்தியைப் பயன்படுத்துகிறது என்று காட்டும் இபிசி சான்றிதழ் அப்போது வேண்டியிருந்தது. முன்பு அதில் லாஃப்டுக்கு (கூரைக்கு அடியிலுள்ள இடத்துக்கு) வெப்பக் காப்பு போடச் சொல்லியிருந்தால், அதை முடித்த பிறகுதான் மானியம். 2024 மே மாதம் அந்த நிபந்தனையை எடுத்துவிட்டார்கள். இருந்தாலும் நாங்கள் போட்டுக்கொண்டோம். குளிர்காலத்தில் மாடி அறைகளில் வித்தியாசம் நன்றாகவே தெரிகிறது.

வீட்டிலிருந்து எவ்வளவு வெப்பம் வெளியே போகிறது என்று பார்க்கும் வெப்ப இழப்புக் கணக்கில்தான் கவனமாக இருக்க வேண்டும். ஒரு நிறுவனம் வீட்டைப் பார்க்காமலே போனில் விலை சொன்னது, அதை விட்டுவிட்டேன். இன்னொருவர் அரை நாள் இருந்து ஒவ்வொரு அறையின் சுவர், ஜன்னல், ரேடியேட்டர் எல்லாவற்றையும் அளந்தார். கேஸ் பாய்லர் 70 டிகிரிக்கு மேல் தண்ணீர் அனுப்பும். ஹீட் பம்ப் சிக்கனமாக ஓட வேண்டுமானால் 45 டிகிரி அளவில் அனுப்ப வேண்டும். அந்த மிதமான சூட்டில் அறை சூடாக ரேடியேட்டர் பெரிதாக இருக்க வேண்டும். எங்கள் எட்டில் ஐந்தை மாற்றினார்கள். உங்கள் வீட்டில் மைக்ரோபோர் என்கிற மெல்லிய குழாய்கள் இருந்தால் அதையும் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள், செலவு கூடலாம்.

வெந்நீர்த் தொட்டிக்கும் இடம் வேண்டும். பழைய காம்பி பாய்லர் குழாயைத் திறந்தவுடன் தண்ணீரைச் சுடவைத்துக் கொடுத்தது. ஹீட் பம்பில் முன்பே சுடவைத்துச் சேமிக்க வேண்டும். 200 லிட்டர் தொட்டிக்காக மாடியில் துணி அலமாரியை இழந்தோம். மனைவிக்கு அது இன்னும் வருத்தம்தான்.

அடுத்த முறை வந்த அம்மா ரேடியேட்டரைத் தொட்டுப் பார்த்து, “சுடவே இல்லையேடா, ஓடுதா?” என்றார். அறையில் 20 டிகிரி இருந்தது. இது கொதிக்கக் கொதிக்க ஓடி நிற்கிற சாதனம் இல்லை, நாள் முழுக்க மெதுவாக ஓடும். இரவில் அணைத்துவிட்டுக் காலையில் போட்டால் வீடு சூடாக வெகுநேரம் ஆகும்.

பில் பற்றிக் கேட்பீர்கள். பெரிதாகக் குறையவில்லை. ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஏறக்குறைய மூன்று யூனிட் வெப்பம் கிடைக்கிறது. ஆனால் இங்கே மின்சாரம் கேஸைப் போல நான்கு மடங்கு விலை. அடுப்பையும் இண்டக்‌ஷனுக்கு மாற்றி கேஸ் இணைப்பைத் துண்டித்ததில் கேஸைப் பயன்படுத்தாவிட்டாலும் கட்ட வேண்டிய தினசரி நிலைக்கட்டணம் மிச்சமானது. தோசைக்கல்லைத்தான் புதிதாக வாங்க வேண்டியிருந்தது.

வருமானம் குறைவானவர்கள் இந்த 7,500-க்கு முன்னால் தங்கள் கவுன்சிலில் (உள்ளாட்சி மன்றத்தில்) கேளுங்கள். இங்கிலாந்தில் 2025 ஏப்ரலிலிருந்து ‘வார்ம் ஹோம்ஸ்: லோக்கல் கிராண்ட்’ இருக்கிறது. சொந்தச் செலவே இல்லாமல் முடிய வாய்ப்பு உண்டு. வாசலில் வந்து ‘இலவச பாய்லர்’ என்று கையெழுத்து கேட்டவர் ஒருவர் எங்கள் தெருவில் முன்பணமும் கேட்டார். அப்படி யாராவது வந்தால் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

உங்கள் பாய்லருக்குப் பதினைந்து வயது தாண்டிவிட்டதென்றால், அக்டோபர் குளிர் வருவதற்குள் இரண்டு மூன்று நிறுவனங்களைக் கூப்பிட்டு வீட்டை அளக்கச் சொல்லுங்கள்.