குழம்பு கெடுமா, மசாலா காக்குமா? - வாசகர் கேள்வி பதில்

கேள்வி: காரைக்குடியில் நுண்ணுயிரியல் படிக்கும் என் மகள், கிராம்புச் சாறும் பட்டைச் சாறும் கிருமிகளை வளரவிடாமல் தடுப்பதை ஆய்வகத்தில் பார்த்ததாகச் சொல்கிறாள். என் மாமியாரோ, 'இவ்வளவு மசாலா அரைச்சு ஊத்தின குழம்பு கெடாது' என்று ராத்திரி வைத்த கோழிக்குழம்பை விடியும்வரை அடுப்படியிலேயே மூடி வைக்கிறார். ஃபிரிட்ஜில் வைத்தால் ருசி போய்விடுமாம். இருவர் சொல்வதும் சரியா?
- வாசகி, தேவகோட்டை

பதில்: மகள் பார்த்தது உண்மை. மாமியார் செய்வதை மட்டும் இன்றைக்கே நிறுத்தச் சொல்லுங்கள் அம்மா, கோழிக்குழம்பு விஷயத்தில் தள்ளிப்போடக் கூடாது.

கிருமியைப் பரப்பிய தட்டில், சாற்றில் நனைத்த 6 மில்லிமீட்டர் காகித வில்லையை வைத்து ஒரு நாள் விட்டால், வில்லையைச் சுற்றிக் கிருமி வளராத வளையம் விழும். கிராம்பில் உள்ள யூஜினால், பட்டையில் உள்ள சின்னமால்டிஹைடு என்ற வேதிப்பொருள்கள் கிருமியின் மேலுறையைச் சிதைப்பதால் வருவது அது. ஓமத்தில் இருக்கும் தைமாலும் அப்படித்தான். ஆனால் அந்தச் சாறு, பொடித்த சரக்கை எத்தனால் போன்றவற்றில் ஊறவைத்து வடித்துச் செறிவாக்கியது. உங்கள் சட்டியில் விழுவது நாலு கிராம்பு, ஒரு துண்டு பட்டை, கொஞ்சம் கல்பாசி, அவ்வளவுதானே. அதிலும் குழம்பில் மிதக்கும் எண்ணெயும் கறியின் புரதமும் அந்த மருந்துப் பொருளைப் பிடித்து வைத்துக்கொள்வதால் கிருமியிடம் போய்ச் சேர்வது இன்னும் குறைவு. உணவை நஞ்சாக்கும் சால்மோனெல்லா, ஈ.கோலி என்ற இரண்டு கிருமிகளுக்கும் வெளியே கூடுதலாக ஓர் உறை உண்டு, அதனால் அவை ஆய்வகத் தட்டிலேயே ஸ்டாஃபிலோகாக்கஸ் என்ற கிருமி அளவுக்குப் பல நேரம் மசியாது. வளையங்களின் அளவை மகளிடம் கேட்டுப் பாருங்கள், சொல்வாள்.

நான் உண்மையில் பயப்படுவது வேறொன்றுக்கு. கிளாஸ்ட்ரிடியம் பெர்ஃப்ரிஞ்சென்ஸ் என்ற கிருமி கறியிலும் மசாலாச் சரக்கிலும் வித்து வடிவில், அதாவது சூட்டைத் தாங்கும் கெட்டி ஓட்டுக்குள் உறங்கியபடி, இருக்கக்கூடும், குழம்பு கொதித்தாலும் அந்த வித்து சாகாது. சட்டி மெல்ல ஆறும்போது முளைத்து, 43-45 டிகிரி சூட்டில் ஏறக்குறைய 10 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாகும். இப்படிக் கெட்ட குழம்பில் வாடையோ புளிப்போ தெரிய வேண்டும் என்று கட்டாயமில்லை, எனவே மோந்து பார்த்து முடிவு செய்யாதீர்கள். சோற்றில் வளரும் பேசிலஸ் சீரியஸ் என்ற கிருமி இன்னும் மோசம், அது விட்டுவைக்கும் ஒரு நச்சு மறுபடி கொதிக்கவைத்தாலும் போகாது.

சரி, என்ன செய்யலாம்? சாப்பிட்டு முடித்ததும் மீதியை ஆழமில்லாத இரண்டு மூன்று பாத்திரங்களில் பிரித்து, சமைத்து 2 மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் வையுங்கள், உள்ளே 5 டிகிரிக்கு மேல் போகக் கூடாது. பெரிய சட்டியோடு அப்படியே வைத்தால் நடுவில் வெகுநேரம் சூடு நிற்கும். மறுநாள் வேண்டியதை மட்டும் எடுத்து நன்றாகக் கொதிக்கவிட்டுப் பரிமாறுங்கள். மறுநாள் குழம்புக்குத் தனி ருசி என்பதில் நானும் உங்கள் மாமியார் கட்சிதான், அந்த ருசி ஃபிரிட்ஜில் இருந்தாலும் ஏறும். அவரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்.

கேள்வி: அப்படியானால் எங்கள் அப்பத்தா போடும் உப்புக்கண்டம் மாதக்கணக்கில் கெடாமல் இருப்பது மஞ்சளால் இல்லையா?
- வாசகர், கானாடுகாத்தான்

பதில்: பெரும்பங்கு உப்புக்கும் வெயிலுக்கும். கறியில் உள்ள ஈரத்தை இரண்டும் சேர்ந்து இழுத்துவிடுவதால் கிருமி வளரத் தண்ணீர் கிடைப்பதில்லை. மஞ்சளின் குர்குமின் தண்ணீரில் சரியாகக் கரையவே கரையாது, அதனால் அதை நம்பி உப்பைக் குறைக்காதீர்கள். மழை மூட்டமான நாளில் போடவும் வேண்டாம், பாதி காய்ந்து பிசுபிசுவென்று நிற்கும் கறி பச்சைக்கறியைப் போலவே ஆபத்தானது.