கஞ்சாவின் வீரியத்தை எப்படி அளக்கிறார்கள்? 'இது 20 சதவீதச் சரக்கு' என்று சொல்வதை நம்பலாமா?

லேபில் அளந்த எண் என்றால், எப்படி அளந்தார்கள் என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டு நம்பலாம். பொட்டலம் விற்கிறவர் சொல்லும் எண் என்றால் வேண்டாம். அதை அளக்க அவரிடம் எதுவும் கிடையாது. பிசுபிசுப்பையும் வாசனையையும் வைத்து அடித்துவிடுவதுதான்.

நான் சேலத்தில் உணவுப்பொருள் சோதிக்கும் ஒரு தனியார் லேபில் இருக்கிறேன். ஏற்காட்டுக் காபியில் கஃபீன், மிளகில் காரம் தரும் பைப்பரின் என்று, கலவையில் இருக்கும் பொருள்களைத் தனித்தனியாகப் பிரித்து அளக்கும் எச்.பி.எல்.சி. மெஷினோடுதான் பிழைப்பு. கஞ்சாவை நான் சோதித்ததில்லை, எங்களுக்கு அனுமதியும் இல்லை. ஆனால் அது சட்டப்படி விற்கப்படும் நாடுகளில் வீரியத்தை அளப்பதும் பெரும்பாலும் இதே மெஷினில்தான்.

அளப்பது டி.எச்.சி. என்ற பொருளை. போதை தருவது முக்கியமாக அதுதான் என்று 1964-ல் இஸ்ரேலில் மெக்கூலமும் கவோனியும் அதைத் தனியாகப் பிரித்தெடுத்து, அதன் அமைப்பையும் சொன்னார்கள். இதில் ஒரு வேடிக்கை உண்டு. செடியில் டி.எச்.சி. அவ்வளவாகக் கிடையாது. இருப்பது டி.எச்.சி.ஏ. என்ற அமிலம், அதற்குப் போதை இல்லை. சூடு பட்டால் அதிலிருந்து கார்பன் டை ஆக்சைடு கழன்று போய், மிச்சம் இருப்பதுதான் டி.எச்.சி. கழன்றுபோனதன் எடையும் குறையுமல்லவா? அதனால் அமிலத்தின் அளவை 0.877-ஆல் பெருக்கித்தான் கூட்ட வேண்டும். ஒரு பூவில் அமிலம் 18 சதவீதம், டி.எச்.சி. 1 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 19 இல்லை, சுமார் 16.8.

மெஷின் வேலை அலுப்பானது, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். காய்ந்த பூவை அரைத்து, மில்லிகிராம் சுத்தமாக நிறுத்து, மெத்தனால் மாதிரி ஒரு கரைப்பானில் குலுக்கி வடிகட்டுவார்கள். அந்தச் சாற்றில் ஒரு துளியை மெஷின் குழாய்க்குள் தள்ளினால், உள்ளே இருக்கும் பொருள்கள் ஒவ்வொன்றும் தனக்கான நேரத்தில் வெளியே வரும். திரையில் ஒவ்வொன்றும் ஒரு மேடாக எழும். அளவு ஏற்கெனவே தெரிந்த சுத்தமான டி.எச்.சி. ஸ்டாண்டர்டின் மேட்டோடு பரப்பளவை ஒப்பிட்டால் விடை. சாற்றை ஆவியாக்கிப் பிரிக்கும் வாயு குரோமட்டோகிராஃபியிலும் அளக்கலாம். ஆனால் அந்த மெஷினில் சாற்றை உள்ளே விடும் இடத்திலேயே சூடு அதிகம், அமிலம் அங்கேயே டி.எச்.சி.யாக மாறிவிடும். சாற்றை அப்படியே விட்டால் இரண்டையும் தனித்தனியாகப் பார்க்க முடியாது.

தப்பு நடப்பது பெரும்பாலும் மெஷினில் இல்லை, அதற்கு முன்னால். பிசின் சுரக்கும் நுண்முடிகள் பெண் பூக்களில்தான் நெருக்கமாக இருக்கும், இலையில் குறைவு. உச்சிப் பூவை மட்டும் கிள்ளி அனுப்பினால் ஒரு எண், இலையும் காம்பும் கலந்து அரைத்தால் வேறு எண். அப்புறம் ஈரப்பதம். முழுக்க உலர்ந்த கணக்கில் 15 சதவீதம் என்றால், 10 சதவீத ஈரத்தோடு அப்படியே நிறுத்த பூவில் அது 13.5. பழைய சரக்கு என்றால் காற்றும் வெளிச்சமும் பட்டு டி.எச்.சி. கொஞ்சம் கொஞ்சமாக சி.பி.என். என்ற பொருளாக மாறியிருக்கும், அதற்கு வீரியம் குறைவு.

நம் பக்கத்து மரவள்ளி விவசாயிகளுக்கு இதை விளக்கவே வேண்டாம். கிழங்கைத் தண்ணீருக்குள் தொங்கவிட்டு எடை பார்த்து மாவுச்சத்துக்குப் பாயிண்ட் போட்டு, அந்தப் பாயிண்டுக்குத்தானே ஜவ்வரிசி மில்லில் விலை? 28 பாயிண்டா 25 பாயிண்டா என்று வருஷா வருஷம் பஞ்சாயத்து நடக்கும். இங்கே பாயிண்ட் போடுவது வாங்குகிற மில். அமெரிக்கக் கஞ்சாக் கடைகளில் கதை தலைகீழ். அங்கேயும் எண் கூடினால் விலை கூடும், ஆனால் டெஸ்டுக்குக் காசு கொடுப்பது விற்கிறவரே. அதனால் தாராளமாக எண் போடும் லேபைத் தேடிப் போகிறார்கள். டப்பாவில் அச்சிட்ட அளவைவிட உள்ளே குறைவாக இருப்பதை அங்குள்ள ஆய்வாளர்களே காட்டியிருக்கிறார்கள். தராசு யார் கையில் இருக்கிறது என்று பார்க்காமல் நான் எந்தச் சதவீதத்தையும் நம்புவதில்லை.

சரி, நம் ஊருக்கு வருவோம். சேலம் ஜங்ஷனில் ரயிலிலிருந்து பை பையாகப் பிடிக்கிறார்களே, அதை என்ன செய்வார்கள்? சாம்பிள் தடயவியல் ஆய்வகத்துக்குப் போகும். அங்கே கேட்கப்படும் முதல் கேள்வி 'இது கஞ்சாவா' என்பதுதான். மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் இலையில் கரடி நகம் மாதிரி வளைந்த முடிகள் தெரியும். அவற்றின் அடியில் கால்சியம் கார்பனேட் இருப்பதால் நீர்த்த அமிலம் ஒரு சொட்டு விட்டால் நுரைக்கும். நிறச் சோதனையில் ஊதா வந்து, குளோரோஃபார்ம் ஊற்றினால் அந்த ஊதா கீழே இறங்கும். ஆனால் இதெல்லாம் ஆமா, இல்லை என்பதற்குத்தான். வீட்டிலேயே பார்க்கலாம் என்று ஆன்லைனில் கூவி விற்கும் நிறம் மாறும் கிட்டுகளையும் அந்த அளவுக்குத்தான் நம்பலாம்.

1985-ன் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் கஞ்சாவுக்கு வீரியத்தைக் கேட்பதில்லை, எடையைத்தான் கேட்கிறது. 1 கிலோ வரை சிறிய அளவு, 20 கிலோவுக்கு மேல் வணிக அளவு. வணிக அளவுக்குக் குறைந்தது 10 வருஷம். சரக்கு 2 சதவீதமா 20 சதவீதமா என்பதால் இது மாறாது. ஆனால் அதே சட்டம் கஞ்சா என்று சொல்வது பூக்கும், காய்க்கும் நுனிகளைத்தான். நுனி இல்லாமல் தனியாக இருக்கும் இலையும் விதையும் அதில் சேராது. அதனால் கோர்ட்டில் வக்கீல்கள் மல்லுக்கட்டுவது டி.எச்.சி.யைப் பற்றி இல்லை. மூட்டையில் இருந்த தண்டு, இலை, விதை எல்லாவற்றையும் சேர்த்து நிறுத்தார்களா என்பதைப் பற்றித்தான்.