ஐந்து நட்சத்திரமும் பூஜ்யமும்

அன்புள்ள ஐயா,

நான் தேவிபட்டினத்துக்காரன். மூன்று வருடமாக ஜாஸ் கேட்கிறேன். புது ஆல்பம் வந்தால் விமர்சனம் படித்துவிட்டுத்தான் கேட்பேன். பாடகி லேவேயின் ‘பிவிட்ச்ட்’ ஆல்பத்தை ஒருவர் கொண்டாடுகிறார், இன்னொருவர் அது ஜாஸே இல்லை என்கிறார். யாரை நம்புவது?

அன்புள்ள நண்பருக்கு,

இது பழைய சண்டை. சாக்ஸபோன் கலைஞர் ஆர்னெட் கோல்மனின் ‘ஃப்ரீ ஜாஸ்’ ஆல்பத்தில் இரண்டு நால்வர் குழுக்கள் ஒரே நேரத்தில் 37 நிமிடம் வாசிக்கின்றன. 1962 ஜனவரியில் ‘டவுன்பீட்’ என்ற அமெரிக்க ஜாஸ் பத்திரிகை அதற்கு இரண்டு பேரை விமர்சனம் எழுதவைத்தது. பீட் வெல்டிங் கொடுத்தது ஐந்து நட்சத்திரம். ஜான் டைனன் ஒன்றுகூடக் கொடுக்கவில்லை. கூட்டி வகுத்தால் இரண்டரை. அந்த இசையைப் பற்றி அதைவிடப் பெரிய பொய் கிடையாது!

பியானோ கலைஞர் டேவ் ப்ரூபெக்கின் ‘டைம் அவுட்’ ஆல்பத்துக்கும் அதே பத்திரிகையில் இரண்டே நட்சத்திரம்தான். அதிலுள்ள ‘டேக் ஃபைவ்’ இன்றைக்கும் ஒலிக்கிறது. 1958இல் ப்ரூபெக்கின் குழு மதராஸ் வந்தபோது, டிரம்மர் ஜோ மொரெல்லோ பழனி சுப்பிரமணிய பிள்ளையின் மிருதங்கத்தைக் கேட்டு வியந்தார். மறுவருடம் ஐந்தெண்ணிக்கையில் ஓடும் ‘டேக் ஃபைவ்’. அதனால்தான் இது வந்தது என்று சொல்லமாட்டேன். ஆனால் நம் ஐந்தெண்ணிக்கைத் தாளமான கண்ட சாபு தெரிந்த காதுக்கு ஐந்தெண்ணிக்கை அந்நியமில்லை.

எங்கள் ஊரான மண்டபத்தில் நண்டு வாங்க வரும் ஏஜெண்ட், கையில் எடுத்ததுமே தரம் சொல்லிவிடுவார். தப்பாது. ஆனால் அவர் பார்ப்பது கம்பெனிக்காக. அவர் ஒதுக்கிய சின்ன நண்டுதான் எங்கள் வீட்டு ரசத்துக்கு ருசி.

அதனால் நான் மதிப்பெண்ணைப் பார்ப்பதில்லை, உள்ளே என்ன இருக்கிறது என்று எழுதியிருக்கிறாரா என்றுதான் பார்ப்பேன். மின்னணு இசைக்கலைஞர் ஃப்ளோட்டிங் பாயிண்ட்ஸும் சாக்ஸபோன் கலைஞர் ஃபரோ சாண்டர்ஸும் லண்டன் சிம்பொனி இசைக்குழுவோடு சேர்ந்து 2021இல் ‘ப்ராமிசஸ்’ வெளியிட்டார்கள். ‘அதே ஏழு சுரத் துணுக்கு, முக்கால் மணி நேரம்’ என்று ஒருவர் அலுத்துக்கொண்டால் எனக்கு அது போதும். வாடைக்காலத்து ராத்திரிக்கு நான் தேடுவதே அதைத்தான்.

சரி, லேவே. ‘பிவிட்ச்ட்’டுக்கு 2024இல் கிராமி கிடைத்தது பாரம்பரிய பாப் பிரிவில். குரல் அழகு, ஆனால் மனோதர்மம், அதாவது அந்த நேரத்தில் பிறக்கும் கற்பனை, எனக்குப் போதவில்லை. ஜாஸா இல்லையா என்பது எந்த அலமாரியில் அடுக்குவது என்ற கடைக்காரர் கவலை.

முதலில் இரண்டு தடவை கேளுங்கள், அப்புறம் விமர்சனம். ‘ப்ராமிசஸ்’ஸை மட்டும் ஹெட்போனில் கேளுங்கள். தேவிபட்டினத்துக் காற்றில் சாண்டர்ஸின் மெல்லிய ஊதல் காதில் விழாது.